மின்சுற்றுப் படம் வரைய இலவச மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் பேனலுக்கு ஒயரிங் படம் போட வேண்டும், இல்லையென்றால் கைக்குள் அடங்கும் ஒரு போர்டுக்கு சர்க்யூட் வரைய வேண்டும். காசு செலவில்லாமல் எதில் வரையலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். எல்லாப் பெயரும் ஏதோ ஒரு வேலைக்குச் சரிதான். எந்த வேலைக்கு எது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம். என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு வேகமாக வரைய முடிகிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரைந்து முடித்த படத்தை மூன்றாவது தடவை திருத்தும்போது மென்பொருள் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா என்றுதான் பார்ப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை இன்ஸ்டால் செய்யட்டும்?

படத்தில் காண்டாக்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்ச்), ரிலே, எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானாக விழும் பிரேக்கர்), புஷ் பட்டன், டெர்மினல் எல்லாம் வருகிறது என்றால் கியூஎலெக்ட்ரோடெக். ரெசிஸ்டர், ஐசி, கனெக்டர் வருகிறது, பின்னால் பிசிபி (பாகங்களைப் பொருத்தும் அச்சிட்ட சர்க்யூட் போர்டு) அடிக்கும் எண்ணம் இருக்கிறது என்றால் கீகேட். ரிப்போர்ட்டிலோ பாடக் குறிப்பிலோ ஒட்ட ஒரே ஒரு படம் போதும் என்றால் டிரா.ஐஓ. பேனல் கதவில் எத்தனை மில்லிமீட்டரில் ஓட்டை போடுவது என்பதைக் காட்ட லிப்ரேகேட். நான்குமே விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

இரண்டுமே மின்சுற்றுதானே? கியூஎலெக்ட்ரோடெக், கீகேட் என்று ஏன் இரண்டு?

படத்தைப் படிக்கிற ஆள் வேறு, அதிலிருந்து அவர் எடுக்க வேண்டிய தகவலும் வேறு.

மின்னணு சர்க்யூட்டில் ஒரு பாகம் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே சிம்பலாக நிற்கும். எந்தப் பின் எந்தப் பின்னோடு சேர்கிறது என்பதுதான் முக்கியம். அந்த இணைப்புப் பட்டியலை, அதாவது நெட்லிஸ்ட்டை, வைத்துத்தான் பிசிபி லேஅவுட் உருவாகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் ஒயருக்கு நம்பர் உண்டா, அது எந்தக் கேபிளில் போகிறது என்றெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை.

பேனல் படத்தில் கதை தலைகீழ். ஒரே காண்டாக்டரின் மெயின் காண்டாக்ட் பவர் பக்கத்தில் இருக்கும், அதை இழுக்கும் மின்காந்தச் சுருளான காயில் கன்ட்ரோல் பக்கத்தில் இருக்கும், துணைக் காண்டாக்ட் ஒன்று இண்டிகேஷன் விளக்கு வரையும் பக்கத்தில் இருக்கும். மூன்றும் ஒரே பொருள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஒயர் நம்பர், டெர்மினல் நம்பர், எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் தொடர்கிறது என்ற குறிப்பு, இவையெல்லாம் இல்லாவிட்டால் பேனலைக் கட்டுகிறவர் திணறிப்போவார்.

கீகேட்டிலும் ஒரு பாகத்தைப் பல யூனிட்டாகப் பிரித்துப் பல ஷீட்டில் வைக்க முடியும். அப்படி கன்ட்ரோல் படம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காயிலுக்குக் கீழே அதன் காண்டாக்ட்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தானாகப் பட்டியல் போடுவதெல்லாம் அதன் இயல்பில் இல்லை. முடியும் என்பதற்காக அதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

சாதாரண டிராயிங் மென்பொருளில் கோடு போட்டு, சிம்பல் வைத்தால் போதாதா?

ஒரு பக்கப் படத்துக்குப் போதும். அதற்கு மேல் எங்கே இடறும் என்பதை ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டரை (மோட்டாரை நேரடியாக லைனில் சேர்த்து ஓட்டும் எளிய சுற்று) வைத்தே பார்த்துவிடலாம்.

கன்ட்ரோல் வரி மேலிருந்து கீழாக இப்படிப் போகும் (எண்கள் எல்லாம் சாதனத்தின் டெர்மினல் எண்கள்): ஓவர்லோடு ரிலேயின் 95-96, ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், அந்த ஸ்டார்ட்டுக்கு இணையாகக் காண்டாக்டரின் 13-14, கடைசியில் காயிலின் ஏ1-ஏ2. பவர் பக்கத்தில் அதே காண்டாக்டரின் மூன்று மெயின் காண்டாக்ட். ஆக, கே1 என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறது. டிரா.ஐஓவிலோ இன்க்ஸ்கேப் என்ற இலவச ஓவிய மென்பொருளிலோ வரைந்திருந்தால் அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று எழுத்துத் துண்டுகள்தான்.

இப்போது மோட்டார் இரண்டு திசையிலும் ஓட வேண்டும் என்று கேட்கிறார்கள். இன்னொரு காண்டாக்டர் வருகிறது. ஒன்று ஃபார்வர்டு, ஒன்று ரிவர்ஸ். இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் இரண்டு ஃபேஸ்கள் நேரடியாக ஷார்ட் ஆகும். அதைத் தடுக்க ஒன்றின் காயில் வரியில் மற்றதன் 21-22 காண்டாக்டை, அதாவது அது இழுத்ததும் திறந்துகொள்ளும் காண்டாக்டை, போட வேண்டும். இதற்குப் பெயர்தான் இன்டர்லாக். காப்பி, பேஸ்ட், பெயர் மாற்றம் என்று போகும்போது ஒரு இடத்தில் கே2 என்று மாற்ற வேண்டியது கே1 என்றே தங்கிவிட்டது என்று வையுங்கள். காண்டாக்டர் தன் காயிலையே தன் காண்டாக்டால் வெட்டுகிற மாதிரி படம் ஆகிவிடும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது, ஏனென்றால் கோடுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்தப் படத்தை நம்பி ஒயர் போட்டால் காண்டாக்டர் மூடித் திறந்து மூடித் திறந்து கடகடக்கும், இன்டர்லாக்கும் இருக்காது.

கியூஎலெக்ட்ரோடெக்கில் காயிலை மாஸ்டர் என்றும் காண்டாக்ட்களை ஸ்லேவ் என்றும் வகைப்படுத்தி, எந்தக் காண்டாக்ட் எந்தக் காயிலுடையது என்று ஒருமுறை இணைத்துவிடலாம். அதன் பிறகு பெயர் இருப்பது காயிலிடம் மட்டும்தான். அங்கே மாற்றினால் காண்டாக்ட்களிலும் மாறும். எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்ற குறிப்பும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கியூஎலெக்ட்ரோடெக்கில் குறை என்ன?

இருக்கிறது, கொஞ்சம் அல்ல.

முதலாவது, அது படத்தைச் சரிபார்க்காது. ஃபேஸையும் நியூட்ரலையும் நேராகச் சேர்த்து வரைந்தாலும் வாய் திறக்காது. இரண்டாவது, அதோடு வரும் சிம்பல் தொகுப்பு மிகப் பெரியது. பயன்படுத்துகிறவர்கள் பலரும் வரைந்து அனுப்பியவை என்பதால் தரம் ஒரே சீராக இல்லை. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒன்றில் டெர்மினல் நம்பர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஹைட்ராலிக், நியூமேட்டிக் சிம்பல்களும் உள்ளே உண்டு. மூன்றாவது, டெர்மினல் ஸ்ட்ரிப் படத்தைத் தானாகத் தயாரிக்கும் வேலை இன்னும் கூடுதல் கருவிகளை நம்பித்தான் இருக்கிறது.

சிம்பல் பிரச்சினைக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் நாளே பெரிய தொகுப்பில் தேடி அலையாதீர்கள். உங்கள் படங்களில் திரும்பத் திரும்ப வரும் சிம்பல்களை மட்டும் எடுத்து, பயனர் தொகுப்பில் தனி ஃபோல்டர் போட்டு, கூடவே வரும் சிம்பல் எடிட்டரில் அளவையும் நம்பரையும் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வேலைதான். அப்புறம் எந்தப் படம் வரைந்தாலும் ஒரே கையால் வரைந்த மாதிரி இருக்கும். டைட்டில் பிளாக்கையும் (தாளின் ஓரத்தில் படத்தின் பெயர், தேதி, ரிவிஷன் எழுதும் கட்டம்) அப்போதே ஒரு டெம்ப்ளேட்டாகச் செய்துவிடுங்கள்.

ஒயர் நம்பரைத் தானாகப் போடும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே பொட்டென்ஷியலில் உள்ள, அதாவது நடுவில் எந்தச் சாதனமும் இல்லாமல் நேரடியாகச் சேர்ந்த, கோடுகளுக்கு ஒரே நம்பர் என்ற கணக்கு அதற்குத் தெரியும். படத்தில் உள்ள பாகங்களின் பட்டியலைச் சிஎஸ்வியாக எடுத்து ஸ்பிரெட்ஷீட்டில் திறந்துகொள்ளலாம்.

ஐஇசி சிம்பலா, ஆன்சி சிம்பலா?

ஐஇசி என்பது சர்வதேச முறை, ஆன்சி வட அமெரிக்க முறை. படம் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் படிக்கும் முறை. ஐஇசி 60617 முறையில் ரெசிஸ்டர் ஒரு செவ்வகம், வட அமெரிக்க முறையில் கூர்கூராக மடிந்து போகும் ஸிக்ஸாக் கோடு. கீகேட் லைப்ரரியில் இரண்டுமே இருக்கின்றன. ரெசிஸ்டரில் யாரும் குழம்பமாட்டார்கள். வில்லங்கம் காண்டாக்டில்தான். வட அமெரிக்க லேடர் (ஏணி வடிவ) படத்தில் நார்மலி ஓப்பன், அதாவது சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், காண்டாக்ட் என்பது இரண்டு இணைகோடு. ஐஇசி பழக்கத்தில் வளர்ந்தவர் அதைக் கெப்பாசிட்டர் என்று படிப்பார். ஒரே படத்தில் இரண்டு முறையையும் கலக்கவே கூடாது. இணையத்தில் கிடைத்த சிம்பலை எடுத்துப் போடும்போதுதான் இந்தக் கலப்படம் நுழைகிறது.

பெயர்களுக்கும் முறை உண்டு. ஐஇசி 81346 படி மோட்டாரை ஓட்டும் காண்டாக்டருக்கு முன்னெழுத்து கியூ, சிக்னலைக் கையாளும் ரிலேக்குக் கே, பாதுகாப்புச் சாதனத்துக்கு எஃப், டெர்மினலுக்கு எக்ஸ். பழைய படங்களில் காண்டாக்டர், ரிலே இரண்டுக்கும் கே என்றே இருக்கும். மேலே நானும் பழக்கதோஷத்தில் கே1 என்றுதான் எழுதியிருக்கிறேன். பழைய பேனலைத் திருத்தும்போது அதில் ஒட்டியிருக்கும் பெயரையே தொடருங்கள். பாதிப் பேனல் பழைய பெயரிலும் பாதி புதிய பெயரிலும் இருப்பதைப் போல எரிச்சல் தரும் விஷயம் வேறில்லை.

கீகேட் பொழுதுபோக்குக்காரர்களுக்கு என்கிறார்களே, தொழிலுக்கு ஆகுமா?

அந்தப் பேச்சுப் பழசு. 1992-ல் ஜான்-பியர் ஷராஸ் தொடங்கிய திட்டம் இது. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் மேம்பாட்டில் பங்கெடுத்தது. 2019-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடைக்குள் வந்தது. 2023-ல் 7, 2024-ல் 8, 2025-ல் 9 என்று ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வந்திருக்கிறது. ஷீட் எண்ணிக்கைக்கும் போர்டு அளவுக்கும் கட்டுப்பாடு கிடையாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. குழுவாக வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டு அப்டேட் செய்துவிட்டால் மற்றவர்களும் பின்னால் ஓட வேண்டியதுதான்.

கீகேட்டில் ஒயர் பின்னைத் தொட்டபடிதான் தெரிகிறது. ஆனால் இணைப்பே இல்லை என்று இஆர்சி (சர்க்யூட்டில் தவறு தேடும் சோதனை) சொல்கிறது. ஏன்?

தொட்ட மாதிரி தெரிகிறது, தொடவில்லை. கீகேட்டின் சிம்பல்கள் எல்லாம் 1.27 மில்லிமீட்டர், அதாவது 50 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிரிடில் வரையப்பட்டவை. நடுவில் யாராவது கிரிடைச் சிறியதாக்கி ஒரு சிம்பலை அரைக் கட்டம் நகர்த்தியிருப்பார்கள். அல்லது சொந்தமாகச் செய்த சிம்பலை 1 மில்லிமீட்டர் கிரிடில் செய்திருப்பார்கள். பின்னின் நுனியும் ஒயரின் நுனியும் ஒரு மயிரிழை விலகி நிற்கும்.

பெரிதாக்கிப் பாருங்கள். இணையாத பின்னின் நுனியில் ஒரு குட்டி வட்டம் இருக்கும், இணையாத ஒயர் நுனியில் ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். சரியாகச் சேர்ந்தால் இரண்டும் மறைந்துவிடும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் வரும் மெனுவில் கிரிடோடு ஒழுங்குபடுத்தும் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன் பிறகு 50 மில் கிரிடை விட்டு இறங்காதீர்கள். எழுத்துகளை நகர்த்த மட்டும் சிறிய கிரிட், வேலை முடிந்ததும் திரும்ப 50.

புதியவர்களை மிரட்டும் இன்னொரு எர்ரர், பவர் இன்புட் பின்னுக்கு மின்சாரம் தரும் பவர் அவுட்புட் பின் எதுவும் இல்லை என்று வருவது. 5 வோல்ட் கனெக்டர் வழியாகத்தானே வருகிறது என்று நமக்குத் தெரியும். கனெக்டரின் பின் வெறும் பாஸிவ் வகை என்பதால் கீகேட்டுக்குத் தெரியாது. பவர் ஃபிளாக் என்ற சிம்பலை எடுத்து 5 வோல்ட் ஒயரில் ஒன்று, கிரவுண்டில் ஒன்று வைத்தால் எர்ரர் போய்விடும். அந்தச் சிம்பல் பிசிபியில் எதையும் சேர்க்காது. இங்கே மின்சாரம் வருகிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். இந்த எர்ரரைப் பார்த்துச் சலித்து இஆர்சியையே ஓட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. அந்த வழி வேண்டாம். அதே பட்டியலில்தான் நிஜமான தவறும் ஒளிந்திருக்கும்.

வரைந்த சர்க்யூட் ஓடுமா என்று அதிலேயே பார்க்க முடியுமா?

அனலாக் சர்க்யூட் என்றால் முடியும். கீகேட்டுக்குள் என்ஜிஸ்பைஸ் (சர்க்யூட்டைக் கணக்கிட்டு ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் வகைச் சிமுலேட்டர்) 2018-ல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. எல்டிஸ்பைஸும் காசில்லாமல் கிடைக்கிறது. அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடையது, திறந்த மூலம் அல்ல, ஆனால் பவர் சப்ளை சர்க்யூட்களைச் சோதிக்க அருமையான கருவி. இவை எதிலும் கிரவுண்ட் சிம்பல் ஒன்றாவது இல்லாவிட்டால் கணக்கு ஓடாது. முதல் தடவை எர்ரர் வந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

ரிலே லாஜிக்கை ஸ்பைஸில் ஓட்டிப் பார்ப்பது கொசுவைப் பிடிக்க வலை வீசுகிற கதை. அதற்குக் கேட் சிமு என்ற சின்ன விண்டோஸ் மென்பொருள் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை மவுசால் அழுத்தினால் காண்டாக்டர் இழுப்பதும், பட்டனை விட்ட பிறகும் பிடித்து நிற்பதும் (ஹோல்டிங்), மோட்டார் சுற்றுவதும் திரையிலேயே தெரியும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் படிக்கும் மாணவர்களுக்கு நன்றாக உதவும். நிரந்தர ஆவணத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், படத்தைக் கியூஎலெக்ட்ரோடெக்கில் தனியாகப் போட்டு வையுங்கள்.

இலவசம் என்கிறார்கள். நாளைக்கும் இலவசமாக இருக்குமா?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டும்.

டிராஃப்ட்சைட் என்ற 2டி கேட் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பலர் வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள். 2019-ல் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு முடிந்ததும், கணினியில் ஏற்கெனவே இருந்த இலவசப் பதிப்புகளும் ஓடுவதை நிறுத்தின. பிசிபி உலகில் ஈகிள் என்ற மென்பொருள் இன்னொரு உதாரணம். 2016-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூனோடு அதை நிறுத்துவதாக 2023-லேயே அறிவித்தது. அதன் இடத்தில் வந்த ஃப்யூஷனில் தனிநபர் இலவச உரிமத்துக்கு 2 ஸ்கீமேட்டிக் ஷீட், 80 சதுர சென்டிமீட்டர் போர்டு என்ற வரம்பு வைத்தார்கள்.

நிறுவனத்தின் பொருள், அவர்கள் முடிவு, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும். கீகேட், கியூஎலெக்ட்ரோடெக், லிப்ரேகேட் மூன்றும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. மேம்பாடு நின்றுபோனாலும் கையில் உள்ள பதிப்பு ஓடும், யாரும் வெளியிலிருந்து பூட்ட முடியாது. ஈஸிஈடிஏ என்ற சர்க்யூட், பிசிபி மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும், பாகங்கள் தேடுவது சுலபம், கற்கவும் எளிது. ஆனால் திறந்த மூலம் அல்ல. பயன்படுத்தலாம், ஃபைல்களை அவ்வப்போது உங்கள் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தோடு.

பழைய ஈகிள் ஃபைல்களை என்ன செய்வது?

கீகேட் அவற்றை இறக்குமதி செய்யும். ஈகிள் 6 முதல் ஃபைல்கள் எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருப்பதால் சிக்கல் குறைவு. அதைவிடப் பழையது என்றால் முதலில் ஈகிள் 6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் திறந்து சேமிக்க வேண்டும். கீகேட் 8ஆம் பதிப்பிலிருந்து ஈஸிஈடிஏ ஃபைல்களையும் எல்டிஸ்பைஸ் ஸ்கீமேட்டிக்கையும் எடுத்துக்கொள்கிறது. இறக்குமதி முடிந்ததும் இஆர்சியை ஓட்டுங்கள், பவர் சிம்பல்களையும் ஒயர் பெயர்களையும் பழைய பிடிஎஃப்போடு ஒப்பிடுங்கள்.

வாடிக்கையாளர் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வடிவம்) ஃபைல்தான் வேண்டும் என்கிறார்.

முதலில் எதற்கு என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பிடிஎஃப் போதும், வழக்கத்தில் டிடபிள்யூஜி என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையிலேயே தேவை என்றால் கியூஎலெக்ட்ரோடெக்கிலிருந்தும் கீகேட்டிலிருந்தும் டிஎக்ஸ்எஃப் என்ற பரிமாற்ற வடிவில் எடுக்கலாம். அதை ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் என்ற காசில்லாத கருவியில் கொடுத்தால் டிடபிள்யூஜி கிடைக்கும். அப்படிப் போவது வெறும் கோடுகளும் எழுத்துகளும்தான். காயில்-காண்டாக்ட் இணைப்பு, ஒயர் பொட்டென்ஷியல் எதுவும் கூடப் போகாது. அங்கே திருத்திவிட்டுத் திரும்ப அனுப்பினால் நீங்கள் கையால்தான் உங்கள் மூலப் படத்தில் ஏற்ற வேண்டும். இதை ஆர்டர் எடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

பேனல் லேஅவுட்டை எதில் போடுவது?

லிப்ரேகேட். 35 மில்லிமீட்டர் டின் ரெயில் (சாதனங்களை மாட்டும் உலோகப் பட்டை), ஒயர் டக்ட், காண்டாக்டரின் அகல உயரம், கதவில் 22 மில்லிமீட்டர் புஷ் பட்டன் ஓட்டைகள், எல்லாவற்றையும் நிஜ அளவில் போடலாம். கியூஎலெக்ட்ரோடெக்கில் சிலர் லேஅவுட்டையும் வரைகிறார்கள், ஆனால் நிஜ அளவு வேண்டிய இடத்தில் அது சரிப்படாது. லிப்ரேகேட் டிடபிள்யூஜியில் சேமிக்காது, டிஎக்ஸ்எஃப் மட்டும்.

ஃப்ரிட்ஸிங் என்ற மென்பொருள் எப்படி?

பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் சோதனைப் பலகை) எந்த ஒயர் எந்த ஓட்டையில் என்று காட்ட அதைப் போல வேறில்லை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் கல்லூரி ஒன்றில் பிறந்தது, மூலநிரல் திறந்தே இருக்கிறது, தயாராகத் தொகுத்த பதிப்பை இறக்க ஒரு சிறு தொகை கேட்கிறார்கள். அதன் ஸ்கீமேட்டிக் பார்வை எனக்குப் பிடிக்காது. பாடம் நடத்த வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் போட அழகான சர்க்யூட் படம் வேண்டும்.

லேடெக்கில் (கட்டுரைகளை அச்சமைக்கும் மென்பொருள்) எழுதுகிறவர் என்றால் சர்க்கிட்டிக்ஸ் தொகுப்பு. கோட் எழுதித்தான் வரைய வேண்டும், ஆனால் எழுத்துருவும் கோட்டுத் தடிமனும் கட்டுரையோடு அப்படியே பொருந்தும். பைத்தான் பழக்கம் உள்ளவருக்கு ஸ்கெம்டிரா. இரண்டும் வேண்டாம் என்றால் இன்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்விஜியாகவோ பிடிஎஃப்பாகவோ எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள், அச்சில் பல்லிளிக்கும்.

பழைய கணினி, அல்லது டேப்லெட்தான் இருக்கிறது.

கியூஎலெக்ட்ரோடெக் பழைய கணினியிலும் ஓடும். விண்டோஸில் இன்ஸ்டால் செய்யாமலே ஜிப்பை விரித்து ஓட்டும் பதிப்பும் தருகிறார்கள், அலுவலகக் கணினியில் அட்மின் அனுமதி இல்லாதவர்களுக்கு உதவும். கீகேட் முப்பரிமாண மாடல்களோடு சேர்த்தால் சில ஜிபி இடம் கேட்கும். ஸ்கீமேட்டிக் மட்டும் போதும் என்றால் இன்ஸ்டால் செய்யும்போது அந்த மாடல்களை விட்டுவிடலாம். டேப்லெட்டில் பிரவுசர் வழியாக டிரா.ஐஓ ஓடும். விரலால் சர்க்யூட் வரைவது எவ்வளவு பொறுமை கேட்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் தமிழில் எழுத வருமா?

கீகேட்டில் 7ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம் ஃபாண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்பு அதன் சொந்தக் கோட்டெழுத்து மட்டும்தான். எந்த மென்பொருளானாலும் ஒரு வரி எழுதி, பிடிஎஃப் எடுத்து, ஒகர, ஔகார எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். குறிப்புகளுக்கும் தலைப்புக்கும் தமிழ் வைத்துக்கொண்டு, பாகங்களின் பெயரை மட்டும் சாதனத்தின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்திலேயே விடுவது நல்லது.

ஜிபிஎல் மென்பொருளில் வரைந்த படத்தையும் வெளியிட்டாக வேண்டுமா?

இல்லை. படம் உங்களுடையது. ஜிபிஎல் மென்பொருளின் மூலநிரலுக்குத்தான். கீகேட் லைப்ரரிக்குத் தனி உரிமம் இருந்தாலும், அதை வைத்துச் செய்த டிசைனுக்கு அந்த நிபந்தனை ஒட்டாது என்று விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள். கியூஎலெக்ட்ரோடெக் சிம்பல்களையும் எந்தப் படத்திலும் தடையின்றிச் சேர்க்கலாம். சிம்பல் தொகுப்பையே தனியாக மறுவெளியீடு செய்தால்தான் நிபந்தனை வருகிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டம் எது?

நூற்றுக்கணக்கில் பக்கங்கள், பிஎல்சியின் (இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) இன்புட்-அவுட்புட் பட்டியலிலிருந்து தானாகப் பக்கம் உருவாக வேண்டும், டெர்மினல் படமும் கேபிள் பட்டியலும் பொத்தானைத் தட்டினால் வர வேண்டும், உற்பத்தியாளரின் பாக விவரம் நேரே உள்ளே இறங்க வேண்டும் என்ற நிலை வந்தால் இப்ளான் போன்ற கட்டண மென்பொருளைப் பார்க்கலாம். சில நேரம் வாடிக்கையாளரே இந்த மென்பொருளின் மூல ஃபைல்தான் வேண்டும் என்று எழுதிவிடுவார், அப்போது பேச்சே இல்லை. மற்றபடி பெரிய பேனல் என்பதற்காக மட்டும் மாறத் தேவையில்லை.

முடிவெடுக்கும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

வீடியோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல்லா வீடியோவிலும் வெற்றுத் தாளில் புதிய படம் வரைந்து காட்டுவார்கள், அது எல்லா மென்பொருளுக்கும் வரும். நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு பக்கப் படம் ஒன்றை எடுத்து வரையுங்கள். அப்புறம் கெடுங்கள். நடுவில் ஒரு புதிய பக்கத்தைச் செருகுங்கள், பக்கக் குறிப்புகள் தானாக நகர்கின்றனவா? ஒரு காண்டாக்டரின் பெயரை மாற்றுங்கள், எத்தனை இடத்தில் கையால் திருத்த வேண்டியிருந்தது? ஒரு சிம்பலைப் பிடித்து இழுங்கள், ஒயர் கூடவே வருகிறதா, அறுந்துவிடுகிறதா? கடைசியாகக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, குறுக்கே போகும் கோடும் இணையும் கோடும் பிரித்துத் தெரிகின்றனவா என்று பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே புள்ளியில் சேரும் இணைப்பு நகலெடுத்தால் புள்ளி மறைந்து வெறும் குறுக்குக்கோடாகிவிடும். அதை இரண்டு டி-இணைப்பாகத் தள்ளித்தள்ளிப் போடுவது பழைய டிராஃப்ட்ஸ்மேன் வழக்கம், இன்றைக்கும் அதுதான் சரி.

ஃபைல்களை எப்படிச் சேமித்து வைப்பது?

கீகேட் ஃபைலும் கியூஎலெக்ட்ரோடெக் ஃபைலும் உள்ளே வெறும் எழுத்து வடிவம்தான், இரண்டாவது எக்ஸ்எம்எல். அதனால் கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தெரிந்தவர்கள் அதிலேயே போட்டு வைக்கலாம், எந்தத் தேதியில் என்ன மாறியது என்பது வரி வரியாக இருக்கும். தெரியாதவர்கள் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, மூல ஃபைலோடு அன்றைய பிடிஎஃப்பையும் வையுங்கள். கீகேட்டில் சொந்த லைப்ரரியிலிருந்து எடுத்த சிம்பலும் ஃபுட்பிரிண்டும் (போர்டில் பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) இருந்தால் அந்த லைப்ரரியையும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைத்துவிடுங்கள். பேனல் கதவின் உள்பக்கம் வைக்கும் அச்சுப் பிரதியில் ரிவிஷன் எண் டைட்டில் பிளாக்கில் இருக்கட்டும். களத்தில் யாராவது பேனாவால் திருத்தியிருந்தால் அந்தத் தாளைப் படம் பிடித்து அதே ஃபோல்டரில் போட்டு, அடுத்த ரிவிஷனில் ஏற்றுங்கள்.